மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில் கதைத்தவை

உங்கள் அலுவலகத்தில் அவசர டெலிபோனுக்கு மேலே ஒரு அட்டை ஒட்டியிருப்பதைப் போன வாரம் பார்த்தேன். லிஃப்டுக்குள் அகப்பட்டவர் அழைத்தால் அதைப் பார்த்து வாசிக்க வேண்டுமாம். "தயவுசெய்து பதற்றமடைய வேண்டாம்" என்று தொடங்குகிறது. அதை எழுதியவர் ஒருநாளும் லிஃப்டுக்குள் அகப்பட்டிருக்க மாட்டார். பதற்றப்படாதே என்று சொன்னவுடன் அடங்கிய மனிதர் ஒருவரையும் லிஃப்ட் திருத்தும் என் முப்பது வருட வேலையில் நான் கண்டதில்லை. அதுவரை சும்மா நின்றவர்கள்கூட, "ஏன், பதற்றப்பட என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தொடங்குவார்கள்.

பிரேக்கைத் தளர்த்துவதும் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை அடுத்த மாடிக்குக் கொண்டுவருவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விடுங்கள். அதற்கு முந்திய வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். உள்ளே நிற்கும் தெரியாத மனிதரோடு கதைப்பது எப்படி என்பதைப் பற்றி.

நான் கொழும்பில், சிங்களவரும் தமிழரும் கலந்து வாழும் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கறிச்சட்டி தெரியும். அதனால் யாரையும் கண்டால் வாய் தானாகத் திறந்துவிடும். யுத்த காலத்தில் அது நல்ல பழக்கமாக இருக்கவில்லை. அந்த நாட்களில் கொழும்பில் முன்பின் தெரியாத ஒருவன் வந்து சிரித்துக் கதைத்தால் அவன் சி.ஐ.டி., இல்லாவிட்டால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், அதுவும் இல்லாவிட்டால் ஆயுதம் தூக்கிய இயக்கத்து ஆள். சும்மா கதைக்க வந்தவன் என்று நான்காவது வகை ஒன்று யாருடைய கணக்கிலும் இருக்கவில்லை. ஒருமுறை வெள்ளவத்தை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம், "எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டேன். மனிதர் அடுத்த ஹோல்டிலேயே இறங்கிவிட்டார். நான் வெள்ளவத்தையில் இறங்கியபோது பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து அவரும் இறங்கினார். என்னைக் கண்டதும் திரும்ப ஏறிக்கொண்டார்.

லிஃப்டுக்குள் இன்னும் மோசம். ஒரே கட்டடத்தில் வருடக்கணக்காக இருப்பவர்கள், உள்ளே நுழைந்ததும் மாடி இலக்கம் மாறுவதை ஏதோ சோதனை முடிவு வருவதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பாமன்கடைப் பகுதியில் ஒரு லிஃப்ட் வேலையில் இருந்தேன். மத்தியானம் திரும்பிய நேரத்தில் அலுவலகத்திலிருந்து டெலிபோன். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆட்களோடு நின்றுவிட்டதாம். ஓடினேன். நான் காலி நகருக்குப் போகும் காலி வீதியைக் கடந்த கையோடு வீதிக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். யாரோ பெரிய ஆள் போகப் போகிறார் என்று அர்த்தம்.

கட்டடத்தைக் காவல் காக்கும் வோச்சர் வாசலிலேயே நின்றார். வியர்த்துப் போயிருந்தார்.

"உள்ளுக்கு மூணு பேர். ஒராள் பொலிஸ் சார்ஜன்ட்."

லிஃப்ட் நாலாம் மாடியை விட்டு இறங்கத் தொடங்கிய உடனே நின்றிருக்கிறது. மின்சாரம் இருந்தது, பழுது வேறெங்கோ. அப்படியான லிஃப்ட் எந்த நேரமும் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் தானாக நகரலாம். ஆகவே முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கீழே இருக்கும் பிரதான மின்பெட்டிக்குப் பூட்டு, அந்தப் பூட்டின் திறப்பு கட்டடச் சொந்தக்காரரிடம், அவர் வத்தளைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மற்றச் சுவிட்ச் மொட்டைமாடியில், மோட்டர் அறைக்குள் இருக்கிறது.

"மொட்டைமாடித் திறப்பு?" என்றேன்.

வோச்சர் மேலே கையைக் காட்டினார். பெரிய ஆட்கள் காலி வீதியால் போகும் நாட்களில் உயரமான கட்டடங்களின் மொட்டைமாடிகளைப் பொலிஸ் பூட்டி, திறப்பைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும். இந்தக் கட்டடத்தைப் பூட்டிய சார்ஜன்ட் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே வர லிஃப்டில் ஏறியிருக்கிறார். இப்போது திறப்பும் அவரும் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில்.

பொலிஸ் நிலையத்துக்கு அறிவிப்பதற்கு வோச்சர் ஓடினார். காலி வீதியில் கட்டியிருந்த கயிற்றடியில் அவரை மறித்துவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நாலாம் மாடியில் வெளிக்கதவைத் திறந்தேன். என் காலடியில், தரைக்கும் லிஃப்டின் கூரைக்கும் நடுவே, ஒரு முழ உயரத்துக்கு இடைவெளி, அதற்குக் கீழே பல்ப் எரியாத லிஃப்டுக்குள் இருட்டு. தரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். மூன்று தலைகள் தெரிந்தன. ஒன்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்த சார்ஜன்ட். மற்றது, நாலாம் மாடியில் குடியிருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர், பிரதான வீதியில் புடைவைக் கடை வைத்திருப்பவர். மூலையில், ஐந்தாம் மாடியிலிருந்து ஏறிய யாழ்ப்பாணத்து அம்மா. அறுபது வயதிருக்கும். பெரிய டின் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்தில் பதில் சொன்னேன். உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

"யார் நீ?"

"லிஃப்ட் கம்பனி ஆள், சேர்."

"பெயர்?"

"செபஸ்தியான்."

"சிங்களமா, தமிழா?"

"கொட்டாஞ்சேனை, சேர்."

சோதனைச் சாவடிகளிலும் நான் அதைத்தான் சொல்வேன். கேட்டவர் யோசித்து முடிப்பதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். இவர் யோசிக்கவில்லை. அடையாள அட்டையைக் கேட்டார். இடைவெளிக்குள்ளால் கொடுத்தேன். இருட்டில் எழுத்துத் தெரியவில்லை. முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். சார்ஜன்ட் அதை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"தொழில், மாணவன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே தலை பாதி வழுக்கை, மீசை முழுதாக வளர்ந்திருந்தது.

"பள்ளிக்கூடத்தில் எடுத்த அட்டை, சேர். மாற்றுவதற்கு நேரம் கிடைக்கவில்லை."

"படத்தில் நிறைய முடி இருக்கிறதே."

"அப்போது இருந்தது, சேர்."

மொட்டைமாடித் திறப்பைத் தந்தால் உடனே இறக்கிவிடுகிறேன் என்றேன். முகம் தெரியாத ஆளிடம் அதைக் கொடுத்தால் தன் உத்தியோகம் போய்விடும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பக்கத்தில் நின்ற இருவரிடமும், "இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். முதலாளி தெரியாது என்றார். அம்மா இல்லையென்று தலையை ஆட்டினார். அம்மாவைக் காட்டி, "இந்த நோனாவை உனக்குத் தெரியுமா?" என்று முதலாளியைக் கேட்டார். "இல்ல சேர், கண்டதே இல்ல." ஒருவர் வீட்டுக் கூரை மற்றவர் வீட்டுத் தரை. ஒரு வருடமாக அப்படி இருந்திருக்கிறார்கள்.

சார்ஜன்டின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையிலிருந்த வயர்லெஸ் கர் கர் என்றதே தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

"நான் வடக்கில் பங்கருக்குள் இரண்டு வருஷம் இருந்தவன்," என்றார், நான் ஏதோ கேட்டதுபோல. "பங்கருக்குக் கதவு இல்லை."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் நாலாம் மாடித் தரை விளிம்பில் வைத்தார். இடைவெளியால் ஏறி வரப் பார்க்கிறார் என்று விளங்கியது. அவருடைய தொந்தி நிச்சயம் நடுவில் இறுகும். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் நகர்ந்தால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பொலிஸ்காரரைப் பார்த்து, "ஏறாதே" என்று கத்தினால் அவர் ஏறியே தீருவார். இடைவெளியை மறித்துக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்தேன். "சேருக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "ஊர் எதற்கு உனக்கு?" என்றார். அந்த வழி அடைபட்டது.

பயந்துபோன மனிதரிடம் நேரே கதைத்துப் பலன் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கதையுங்கள். தன்னை விட்டுவிட்டு இவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று அவர் காது கொடுப்பார். நான் அம்மாவின் பக்கம் திரும்பினேன். பெண்களோடு கதை தொடங்கச் சமையலைவிட நல்ல விஷயம் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"அம்மா, சமையல் முடிஞ்சுதோ? அடுப்பிலை ஏதும் வைச்சிட்டு வந்தனீங்களோ?"

இந்தக் கேள்வியை எந்தக் காரணத்துக்காகவும், எந்த லிஃப்டிலும், யாரிடமும் கேட்காதீர்கள்.

"ஐயோ!" என்றார் அம்மா. அதுவரை வாய் திறக்காதவர். "அடுப்பு! நான் காஸை நூத்தனானோ? ஐயோ பிள்ளையாரே, ஞாபகம் இல்லையே!"

சார்ஜன்ட் திடுக்கிட்டு, என்ன நடந்தது என்றார். முதலாளி மொழிபெயர்க்காமல் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அடுப்பா? எந்த வீடு ஒங்கட?"

"அஞ்சாம் மாடி. கடல் பக்கம்."

"என்ட தலைக்கு மேலயா!" என்றார் முதலாளி. "அப்ப விடியக்காலம் சுபஹு தொழுதுட்டுக் கொஞ்சம் சாய்ஞ்சா, டங்கு டங்குண்டு இடிக்கிறது நீங்கதானா?"

"ஓம், நான்தான். மா இடிக்கிறனான். மெஷின் மா எனக்குச் சரிவராது. ஊரிலையிருந்து உரல் கொண்டந்தனான்."

"உரலா! அல்லாஹ்வே! நான் வீடு கூட்டுற தும்புத்தடியால சீலிங்க இடிச்சேனே, கேக்கல்லயா?"

"கேட்டதுதானே. அதுதானே நானும் திருப்பி ரண்டுதரம் இடிக்கிறனான்."

"எதுக்கு?"

அம்மா அவரை வியப்போடு பார்த்தார். "கீழ்வீட்டிலை எழும்பீட்டினம், குட் மோர்னிங் சொல்லுகினம் எண்டு நினைச்சன். மறுமொழி சொல்லாமல் விட்டால் மரியாதை இல்லையே. கனடாவிலை இருக்கிற மகன் கொழும்பிலை ஆரோடையும் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறான். தட்டுறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

முதலாளி மேலே கையைக் காட்டி, "நீங்க திருப்பி இடிக்கிற கோவத்துல நான் இன்னும் பலமா இடிப்பேனே," என்றார்.

"ஓம், வெள்ளிக்கிழமையிலை கூடுதலா இடிப்பியள். பள்ளிவாசலுக்குப் போற நாள், சந்தோசமா இருக்கிறார் எண்டு நினைக்கிறனான்."

சார்ஜன்டால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. என்ன கதைக்கிறீர்கள் என்று அதட்டினார். முதலாளி சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். தும்புத்தடியில் தொடங்கி, உரலுக்குப் போய், குட் மோர்னிங்குக்கு வந்தபோது சார்ஜன்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய உடம்பு ஒருமுறை குலுங்கியது. திரும்பவும் குலுங்கியது. லிஃப்டும் சேர்ந்து குலுங்கியது. ஆனால் அவர் சிரித்த சிரிப்பில் கைகள் விளிம்பை விட்டுவிட்டன. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்து, முதலாளியிடம் கொடுக்க மறந்து திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஐயோ, அடுப்பு!" என்றார் அம்மா திரும்பவும்.

அம்மா இடுப்பிலிருந்து ஒரு திறப்புக் கோவையை எடுத்தார். உயரமான முதலாளி அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இந்தா வீட்டுத் திறப்பு. ஓடிப்போய்ப் பார் ராசா," என்றார் அம்மா.

சார்ஜன்டின் சிரிப்பு நின்றது. முதலாளியை இடையில் வைத்து ஒரு விசாரணை நடந்தது.

"நோனா, இந்த ஆளைத் தெரியாது என்றீர்கள்."

"தெரியாதுதான்."

"பிறகு எப்படி வீட்டுத் திறப்பைக் கொடுக்கிறீர்கள்?"

"இவ்வளவு நேரம் நிலத்திலை கிடந்து எங்களோடை கதைக்கிறான். களவெடுக்க வந்தவன் இருந்து கதைப்பானே?"

முதலாளி மொழிபெயர்த்ததும் சார்ஜன்ட் பெருமூச்சு விட்டார். "நான் பொலிஸில் சேர்ந்த நாள் தொடக்கம் பார்க்கிறேன். களவெடுக்க வருகிறவன்தான் நிறையக் கதைப்பான்."

அப்படிச் சொல்லிக்கொண்டே கையைப் பைக்குள் விட்டார். ஒரு நோனா முழு வீட்டையும் தூக்கிக் கொடுத்த பிறகு, பொலிஸ்காரர் வெறும் மொட்டைமாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்கே அழகாகப் படவில்லை போலும். திறப்பை நீட்டினார். நான் பிடித்தபின்னும் கொஞ்ச நேரம் விடவில்லை.

"அட்டை என்னிடம் இருக்கும். ஓடினாயோ, மாணவனைத் தேடி வருவேன்."

இந்த இடத்தைக் கவனியுங்கள். திறப்பு கிடைத்துவிட்டது, ஓடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. நான் எழுந்து போனால் இடைவெளியை மறிக்க ஆள் இல்லை. கதவை மூடினால் இருட்டில் அவர் இன்னும் மிரள்வார், முட்டுக்கொடுத்துத் திறந்தே விட வேண்டும். சிரிப்பு அடங்கியதும் சார்ஜன்டுக்குக் கதவில்லாத பங்கர் ஞாபகம் வரும், கைகள் திரும்ப விளிம்புக்கு வரும். அவரை அங்கேயே நிறுத்தி வைக்க என்னிடம் கயிறும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒரு கேள்வியைத்தான் விட்டுப்போக முடிந்தது.

"அம்மா, அந்த உரலை யாழ்ப்பாணத்திலையிருந்து எப்படிக் கொண்டுவந்தனீங்கள்? வழியிலை இவ்வளவு செக்பொயின்ற், ஒராளும் மறிக்கேல்லையோ?"

"மறிக்கேல்லையோ!" என்றார் அம்மா. நிமிர்ந்து நின்றார். "கேளுங்கோ, சொல்லுறன்."

"சேருக்கு ஒண்டும் விடாமச் செல்லுங்க, முதலாளி," என்று, சொல்லு என்பதைச் செல்லு என்னும் அவருடைய பாணியிலேயே கேட்டுக்கொண்டேன். "செல்றேன், செல்றேன், நீ ஓடு," என்றார்.

ஐந்தாம் மாடியில் வீட்டுக் கதவடியில் நின்று மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். காஸ் மணமும் இல்லை, புகையும் இல்லை. அப்படியே மேலே போயிருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் நம்பித்தான் திறப்பைத் தந்தார். கதவில் இருந்த மூன்று பூட்டையும் திறந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டர் மூடியிருந்தது. அதுவும் போதாதென்று ரப்பர் குழாயைக் கழற்றிச் சுருட்டி ஒரு ஆணியில் மாட்டியிருந்தார். மூலையில் உரல். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்று அடியில் இரண்டு சாக்கை மடித்துப் போட்டிருந்தார்.

படிக்கட்டால் கீழே எட்டி, "அம்மா, அடுப்பு நூத்திருக்கு!" என்று கத்தினேன். பதில் இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். முதலாளியின் சிங்களம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மொட்டைமாடிக்குப் போய் சுவிட்சை அணைத்தேன். அதற்குப் பிறகு செய்தவை உங்கள் புத்தகத்தில் இருப்பவைதான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது லிஃப்டின் கம்பிக் கயிறுகளுக்கு இடையால் கீழேயிருந்து சத்தம் வந்தது. முதல் தடவை அலறல் என்று நினைத்துக் கையை நிறுத்திவிட்டேன். சிரிப்பு.

மூன்றாம் மாடி மட்டத்துக்கு லிஃப்ட் வந்ததும் மூன்று மூன்று படியாகப் பாய்ந்து இறங்கினேன். முழங்கால் சுவரில் அடிபட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கதவடியில் நின்று ஒரு நிமிடம் மூச்சு வாங்கினேன். இப்படியான நேரத்தில் கதவு திறந்தவுடன் ஆட்கள் நம் மேல் விழுந்தடித்து வருவார்கள். சிலர் அழுவார்கள், சிலர் ஏசுவார்கள், ஒருவர் என்னை அறைந்தும் இருக்கிறார். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, கதவைத் திறந்தேன்.

ஒருவரும் வெளியே வரவில்லை.

அம்மா நடுவில் நின்றார். டின் திறந்து கிடந்தது. மகனுக்கு அனுப்ப வைத்திருந்த பயத்தம்பணியாரம் பாதி முடிந்துவிட்டது. சார்ஜன்டின் கையில் ஒன்று, கன்னத்துக்குள் ஒன்று, மூக்கில் இன்னும் முதலாளியின் கண்ணாடி. முதலாளி இரண்டு கையையும் விரித்து உரலின் அளவைக் காட்டியபடி அப்படியே நின்றார்.

"சேர், சரி, இறங்கலாம்," என்றேன்.

சார்ஜன்ட் என்னைப் பார்க்கவேயில்லை. வீதியில் வாகனத்தை மறிப்பதுபோல உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்ட, மல்லி, இன்ட."

பொறு தம்பி, பொறு என்கிறார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி," என்றார் அவர். "அம்மா இன்னம் வவுனியா தாண்டல்ல. அங்க ஒரு ஒபிசர், இது உரல்தான் எண்டா இடிச்சுக் காட்டுண்டு செல்லி, ஒரு மூடை நெல்லக் கொண்டாந்து முன்னுக்குப் போட்டிருக்கான்."

கதவு தன் பாரத்தில் மூடப் பார்த்தது. காலைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நானும் தலையை உள்ளே நீட்டினேன்.

"பிறகு?" என்றேன்.